கடலோரக் கிணறும் மழைநீரும்

நாம் வாழும் இந்நாட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு ஏற்படுவதில்லை. ஆனால் ஊரில் பெற்றோரை விட்டு வந்திருக்கும் நம்மில் பலர், சித்திரை வைகாசி மாதங்களில் தொலைபேசியை எடுத்தவுடன் நலம் விசாரித்த மறுகணம் கேட்பது, "தண்ணீர் வருகிறதா?" என்பதுதான்.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் அனுபவத்தை இங்கே கூறுவது பொருத்தம். அவர்களுடைய தந்தையார் சென்னையில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறார். வயது எண்பதைக் கடந்தவர். ஒரு கோடையில் அவர் மகனிடம், "கிணத்துத் தண்ணி கரிக்குதுப்பா, பருப்பு வேகமாட்டேங்குது" என்றார். அதன் பிறகு குடியிருப்புக்கு வாரம் இருமுறை தண்ணீர் லாரி வரத் தொடங்கியது. விடுமுறையில் ஊருக்குப் போன மகன் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைப் பின்தொடர்ந்து பார்த்தார். குழாயின் அடிப்பகுதி வெட்டப்பட்டுத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பி விடப்பட்டிருந்தது. மழைநீர் இறங்க வேண்டிய குழி, கார் நிறுத்துமிடத்தின் தளக்கற்களுக்கு அடியில் மூடிக் கிடந்தது.

பல இலட்சம் செலவில் வாங்கிய வீடு. ஆண்டுதோறும் மாடியில் வந்து விழும் மழை. ஆயினும் குடிக்கவும் குளிக்கவும் லாரித் தண்ணீர். இது ஏன் நேர்கிறது, இதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதே இம்மாதப் பாடம்.

நன்னீர் மிதக்கிறது

கடலோர ஊர்களில் நிலத்தடி நீரைப் பற்றி நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அங்கே நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மழை பெய்து மணலில் இறங்கிய நீர் மேலே நிற்கிறது. கடலிலிருந்து உள்ளே ஊறிய உப்புநீர் அதற்குக் கீழே நிற்கிறது.

காரணம் எளிது. ஒரு லிட்டர் நன்னீரின் எடை சுமார் 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிராம். கனமானது கீழே தங்குகிறது, இலேசானது மேலே நிற்கிறது. இந்தச் சிறிய எடை வேறுபாட்டிலிருந்து ஒரு கணக்குப் பிறக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டவரான கைபனும், அவருக்குப்பின் 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயரம் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பதே அக்கணக்கு.

இதைத் திருப்பிப் படித்தால்தான் ஆபத்து விளங்கும். மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 மீட்டர் குறைத்தால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்புநீர் 40 மீட்டர் மேலேறி வரக்கூடும். இது ஒரே நாளில் நடந்துவிடுவதில்லை. இடையில் களிமண் படுகை இருந்தால் அளவும் மாறும். ஆயினும் திசை மாறாது. கிணறு வற்றுகிறதே என்று இன்னும் ஆழமாகத் துளையிடுவது உள்நாட்டு ஊரில் சில காலம் பலன் தரலாம். கடலோரத்தில் அது உப்பைத் தேடிப் போவதாகவே முடியும்.

உப்பு ஒருமுறை ஏறிவிட்டால் எளிதில் இறங்குவதில்லை. மணல் துகள்களுக்கிடையே புகுந்த உப்பைக் கழுவி வெளியேற்றப் பல ஆண்டு மழை நிலத்துக்குள் இறங்க வேண்டும். ஆகவே வருமுன் காப்பதே வழி.

நிலாவரைக் கிணறு காட்டும் உண்மை

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம் அன்பர்களுக்கு இது புதிய செய்தி அன்று. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றை அவர்களுள் பலர் எட்டிப் பார்த்திருப்பார்கள். அடி காணாத கிணறு என்று பெயர் பெற்ற அந்த நீர்நிலையில் மேலே உள்ள நீர் நன்னீர். ஆழம் போகப் போக உப்பு. மேலே நாம் சொன்ன பாடத்தை அந்தக் கிணறு கண்முன்னே காட்டிக்கொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் தரையில் மழைநீர் இறங்கி, உப்புநீரின் மேல் வில்லை வடிவில் தங்குகிறது. அந்த வில்லையை நம்பியே தோட்டமும் வீடும் கோயிலும் நடந்து வந்தன. துலா வைத்து இறைத்த காலத்தில் மனிதனின் கைவலிமையே அளவாக இருந்தது. இயந்திரம் வந்தபின் அந்த அளவு போய்விட்டது. ஊர்க் குளங்களும் கேணிகளும் தூர்ந்த இடங்களில், நிலத்துக்குள் இறங்கும் நீரும் குறைந்தது.

சென்னையின் அனுபவம்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. இது குறைந்த மழையன்று. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில், வடகிழக்குப் பருவமழையின்போது, சில நாட்களிலேயே கொட்டிவிடுகிறது. வந்த மழையைப் பிடித்து வைக்காவிட்டால் அது சில மணி நேரத்தில் கடலைச் சேர்ந்துவிடும்.

நகரம் வளர்ந்தபோது வடக்கேயுள்ள மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் கிணறுகளிலிருந்தும் நீர் எடுக்கப்பட்டது. அவற்றுள் கடலுக்கு அருகிலுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறிய இறைப்பினால் உப்புநீர் பல கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் புகுந்தது. நகரத்தின் தாகத்துக்கு விலை கொடுத்தவர்கள் அங்கே நெல் விளைவித்த உழவர்கள். இன்றும் நம் வீட்டு வாசலுக்கு வரும் லாரித் தண்ணீர் பெரும்பாலும் புறநகர்க் கிராமம் ஒன்றின் கிணற்றிலிருந்தே வருகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

1990களிலேயே சிலர் இதைக் கண்டு எச்சரித்தனர். இயற்பியல் படித்த சேகர் ராகவன் அவர்கள், தாம் வாழ்ந்த கடற்கரைப் பகுதியில் வீடு வீடாகச் சென்று மழைநீரை நிலத்துக்குள் இறக்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். தொடக்கத்தில் செவிசாய்த்தவர் சிலரே. பின்னர் 2002இல் பொதுமக்கள் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள ரெயின் சென்டர் என்னும் மையம் சென்னையில் திறக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டும் மழை பொய்த்ததால் 2004 கோடையில் நகரம் பெரிதும் துன்புற்றது. ஆயினும் 2005இல் பெருமழை பெய்தபோது, தயாராக இருந்த குழிகளும் கிணறுகளும் அதை வாங்கிக்கொண்டன. பல பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் சில மீட்டர் உயர்ந்தது. நீரின் உப்பும் குறைந்தது.

நிலைமை சீரானதும் மறதி வந்தது. வடிகட்டிகளில் மண் அடைத்தது. குழாய்கள் உடைந்தன. வீட்டைப் புதுப்பித்தவர்கள் குழியின் மேல் தளம் போட்டனர். 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 ஜூன் மாதம், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் வந்து சேர்ந்தது. ஒரே நகரம் நான்காண்டுக்குள் வெள்ளத்தையும் வறட்சியையும் கண்டது. பெய்த நீரை வைத்துக்கொள்ள இடமில்லாமற் போனதும் இவ்விரண்டுக்கும் ஒரு பொதுக் காரணம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். மீஞ்சூரில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலைகள் தொடங்கப்பட்டன. 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலையும் வந்தது. இவை தேவையானவையே. ஆனால் 1,000 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. நன்னீராகவே மாடியில் வந்து விழுவதைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடலிலிருந்து மின்சாரம் கொண்டு பிரித்தெடுப்பதை முதல் வழியாகக் கொள்வது அறிவுடைமை ஆகாது.

கோயில் குளம் எதற்காக?

திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரம் வான்சிறப்பு. மழை பொய்த்தால் கோயிலில் அன்றாட வழிபாடும் நடவாது, திருவிழாவும் நடவாது என்ற கருத்தை வள்ளுவர் அதில் வைத்திருக்கிறார். இதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். கோபுரம் எழுந்த இடத்திலெல்லாம் குளமும் எழுந்தது.

திருவல்லிக்கேணி என்ற ஊர்ப்பெயரிலேயே கேணி இருக்கிறது. அல்லி மலர்ந்த கேணி. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தெப்பத் திருவிழா தைப் பௌர்ணமியையொட்டி நடைபெறுகிறது. அதாவது, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளம் நிறைந்திருக்க வேண்டிய காலம். தெப்பம் மிதந்தால் அவ்வாண்டு ஊரில் நீர் உண்டு என்று யாரும் சொல்லாமலே அனைவருக்கும் விளங்கிற்று.

கோயில் குளம் தீர்த்தமாடவும் தெப்பம் விடவும் மட்டும் உரியதன்று. சுற்றியுள்ள வீதிகளின் மழைநீர் கால்வாய் வழியே அதில் சேரும். குளத்து நீர் மெல்ல நிலத்தில் கசியும். நான்கு மாடவீதிகளின் வீட்டுக் கிணறுகளும் ஊறும். வீதிகள் உயர்ந்து, கால்வாய்கள் அடைபட்டு, சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது சென்னையின் பல கோயில் குளங்கள் வற்றிப் பிள்ளைகள் பந்து விளையாடும் திடல்களாயின. நீர்வரத்தைச் சீர்செய்த குளங்களில் மீண்டும் நீரைக் காண்கிறோம். குளம் செய்த வேலையைச் சிறிய அளவில் ஒவ்வொரு வீடும் செய்வதற்குப் பெயர்தான் மழைநீர் சேகரிப்பு.

ஒரு கூரையின் கணக்கு

நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1 சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர்.

100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,40,000 லிட்டர். ஆவியாவதும் வழிந்து வீணாவதுமாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 1,12,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஒன்பதுக்கு மேல். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டால், நால்வர் குடும்பத்துக்கு 540 லிட்டர் வேண்டும். ஆக, அந்த மாடியின் மழை ஏறக்குறைய 207 நாள் தேவைக்குச் சமம்.

அடுக்குமாடியில் கணக்கு வேறு. 300 சதுர மீட்டர் மாடியின்கீழ் 12 குடும்பங்கள் வாழ்ந்தால், ஒரு குடும்பத்தின் பங்கு 28,000 லிட்டர், சுமார் 52 நாள் தேவை. மழைநீர் ஒன்றே போதும் என்று சொல்வது சரியாகாது என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஆனால் அந்த 52 நாள் நீர் கோடையின் உச்சியில் கிணற்றில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றன்று. அது கீழேயுள்ள உப்பை மேலேற விடாமல் தாங்கியும் நிற்கிறது.

இத்தனை நீரைத் தொட்டியில் சேர்க்க எவர் வீட்டிலும் இடமில்லை. ஆகவே இரண்டு வழிகளையும் சேர்த்தே கையாள வேண்டும். ஒரு பகுதியை வடிகட்டித் தொட்டியில் சேர்த்து உடனே பயன்படுத்தலாம். மீதியை நிலத்துக்குள் இறக்க வேண்டும். நிலமே நமக்குக் கிடைத்த பெரிய தொட்டி.

அமைப்பும் பராமரிப்பும்

மண்ணைப் பொறுத்து முறை மாறும். கடற்கரையோர மணற்பாங்கான பகுதியில் ஆழமில்லாத கசிவுநீர்க் குழியே போதும். களிமண் பகுதியில் மேலே வெட்டிய குழி குட்டையாகத் தேங்கி நிற்கும். களிமண்ணைத் தாண்டி மணலைத் தொடும்வரை உறைகிணறு இறக்க வேண்டும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம்போல் பாறை உள்ள இடங்களில் அனுபவமுள்ளவரைக் கேட்டுச் செய்வது நல்லது. வீட்டில் பழைய திறந்த கிணறு இருந்தால் அது பெரும் பேறு. வற்றிவிட்டதென்று அதைக் குப்பை போட்டு மூடிவிடாதீர்கள். மாடிக் குழாயை ஒரு வடிகட்டி வழியாக அக்கிணற்றில் இறக்கிவிடலாம்.

வடிகட்டி என்பது பெரிய இயந்திரமன்று. கீழே கூழாங்கல், நடுவே சிறு ஜல்லி, மேலே மணல் நிரப்பிய ஒரு தொட்டி. முதல் மழை மாடியின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே விட ஒரு திறப்பு வேண்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. கழிவுநீரையோ துணி துவைத்த சோப்பு நீரையோ குழியில் விடக்கூடாது. கழிவுநீர்த் தொட்டியை ஒட்டிக் குழி வெட்டக்கூடாது. வாசலில் ஓடும் நீரை மண் படியவிடாமல் நேரே கிணற்றில் விடக்கூடாது. தொட்டிகளைக் கொசு புகாமல் மூடி வைக்க வேண்டும். குடிக்கப் பயன்படுத்துமுன் காய்ச்ச வேண்டும்.

இவை அனைத்திலும் முக்கியமானது ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்வது. ஆவணி, புரட்டாசியில் மாடியைப் பெருக்கி, குழாயில் உடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, வடிகட்டியின் மணலைக் கழுவி, குழியில் படிந்த வண்டலை அள்ளிவிட வேண்டும். அரைநாள் வேலை. இந்த அரைநாள் வேலை நடக்காததால்தான் பல வீடுகளில் 2003இல் செலவழித்துக் கட்டிய அமைப்பு பெயருக்கு நிற்கிறது.

நாம் செய்யக்கூடியது

நாம் தொலைவில் இருக்கிறோம். நம்மால் என்ன ஆகும் என்று எண்ண வேண்டாம். ஊரில் வீடோ அடுக்குமாடிக் குடியிருப்போ உள்ள நம் குடும்பங்கள் பல. மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி லாரித் தண்ணீருக்குப் போகிறது. புரட்டாசி பிறந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பில், "மழைக் குழியைச் சுத்தம் செய்தாயிற்றா?" என்று கேட்கலாம். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். அடுத்த விடுமுறையில் கோயில்களைத் தரிசித்து வரும்போது, நம் வீட்டு மாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்றும் பார்த்து வரலாம். வாடகைக்கு விட்ட வீடாயினும் அது நம் பொறுப்பே.

முதலில் சொன்ன குடும்பத்தின் மகன் தளக்கற்களைப் பெயர்த்துக் குழியைத் திறக்கச் செய்தார். குடியிருப்பில் இருவர் கார் நிறுத்த இடம் குறையும் என்று மறுத்தனர். தந்தையாரே அவர்களிடம் பேசி இசைய வைத்தார். குழாய் மீண்டும் குழிக்குத் திருப்பப்பட்டது. ஒரு மழையில் உப்புப் போய்விடவில்லை. அடுத்த கோடையிலும் லாரி வந்தது. ஆனால் முன்னைவிடச் சில வாரம் கழித்து வந்தது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் குழியைத் தூர்வாரும் நாளில் அம்முதியவர் ஒரு நாற்காலியைப் போட்டு அருகில் அமர்ந்துகொள்கிறாராம்.

சிறுவர்கள் செய்து பார்க்க

ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு நீர் எடுத்து, மூன்று தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சிறிது உணவுச் சாயம் கலக்கவும். அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகில் படும்படி, சாதாரண நீரை மிக மெதுவாக ஊற்றவும். சாயம் கலந்த உப்புநீர் கீழேயும் தெளிந்த நீர் மேலேயும் நிற்பதைக் காண்பீர்கள். இப்போது இரண்டும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே உறிஞ்சுகுழலை வைத்து உறிஞ்சவும். சாயநீர் குழலை நோக்கி எழுவதைக் கவனியுங்கள். கடலோரக் கிணற்றில் நடப்பது இதுவே.

சிந்திக்க

1. கடலோரத்தில் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது ஏன் தீர்வாகாது?

2. நம் கோயில் மண்டபக் கூரையின் நீள அகலத்தை அளந்து, நம் ஊரில் ஓராண்டில் பெய்யும் மழையளவைக் கேட்டறிந்து, எத்தனை லிட்டர் கிடைக்கும் என்று கணக்கிடுக.

3. மயிலாப்பூர்த் தெப்பத் திருவிழா பங்குனியிலோ சித்திரையிலோ இல்லாமல் தை மாதத்தில் வருவதற்கும் மழைக்கும் உள்ள தொடர்பு என்ன?

4. உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் கிணறு இருந்ததா? அதன் நீர் இனித்ததா, கரித்ததா? இவ்வாரம் அவர்களிடமே கேட்டு எழுதி வருக.